பங்குனியில் வரும் பிராசசர்

புளியந்தோப்பில் லியாகத் அலியின் காயலான் கடைக்கு வருகிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துத்தான் வரும். அவற்றின் வயிற்றைத் திறப்பது அசோகனின் வேலை. மூடியைக் கழற்றி, விசிறியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவில் சப்பையாக உட்கார்ந்திருக்கும் பிராசசரை நெம்பி எடுப்பான். பழசு என்றால் பீங்கான். உள்ளங்கையில் கனக்கும், அடியில் தங்க முலாம் பூசிய ஊசிகள் நெருக்கமாக நிற்கும். புதுசு என்றால் பச்சைத் தகடு, பிஸ்கட் கனம். அதிலும் தங்கம் உண்டு, பேருக்கு.

"வருசத்துக்கு வருசம் மூளைய ஏத்துறான், தங்கத்த எறக்குறான்," என்று லியாகத் அலி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார். "அடுத்த ஜென்மத்துல தகரம்தான் நைனா நமக்கு."

அசோகன் வியாசர்பாடியில் பிறந்தவன். பத்தாவது தேறிவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கினான்; இடுப்பு பிடித்துக்கொண்டது. மணலியில் டேங்கர் லாரிகளைக் கழுவினான், கைத்தோல் உரிந்தது. தொண்ணூற்றெட்டில் பாயின் கடைக்கு வந்த பிறகுதான் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஒன்று வாய்த்தது. ஊசிகளை வெட்டி எடுத்து ஆசிட்டில் கரைத்துத் தங்கம் பிரிக்கிற வித்தையையும் அங்கேதான் கற்றுக்கொண்டான். ஆனால் கடைக்குள் ஆசிட் பாட்டிலைத் திறக்கப் பாய் விடமாட்டார். சுற்றிலும் குடித்தனங்கள், எவனாவது புகார் கொடுத்தால் பேஜாரு. ஆகவே அந்த வேலை, ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில், அசோகன் வீட்டுச் சமையலறையை ஒட்டிய சிறு பால்கனியில் நடந்தது. பீங்கான் கிண்ணத்திலிருந்து பழுப்பாக ஒரு புகை எழும்பும். காற்று கடலிலிருந்து அடித்தால் புகை வீட்டுக்குள் வரும். அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் கடலிலிருந்துதான் அடிக்கும்.

ஆசிட் வீட்டுக்குள் வந்த பிறகு அவன் மனைவி ரமாபாய்க்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. இரண்டையும் ஆசிட்டையும் யாரும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் கடையில் ஒரே பேச்சு: லேப்டாப்புக்குப் புது பிராசசர் எப்போது வரும்? மேசைக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்ட வேகம் மடிக்கு இன்னும் வரவில்லை. சூடு தாங்காது, பேட்டரி நிற்காது. லேப்டாப்புக்கென்றே ஒன்று தயாராகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அது வந்துவிட்டால் ஆபீஸ்காரர்கள் மேசைப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மடிக்கு மாறிவிடுவார்கள். தூக்கிப் போட்ட பெட்டிகள் எங்கே வரும்? புளியந்தோப்புக்குத்தான். அதுவும் எப்படிப்பட்ட பெட்டிகள்! ஏழெட்டு வருடத்துப் பழசு, அத்தனையும் பீங்கான்.

செய்தி கொண்டுவருகிறவன் தாமோதரன். காசிமேட்டு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாமல், ராயபுரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் அட்டெண்டராக இருந்தான். முதலாளி படித்துவிட்டுப் போடுகிற இங்கிலீஷ் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவான். அசோகன் எழுத்துக் கூட்டி வாசிப்பான். பாய் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்.

"இன்னா நைனா, எப்போ வருதாம்?"

"தீபாவளிக்கு முன்னாடின்னு போட்டுக்கீறான் பாய்."

"போன மாசம் ஆகஸ்டுன்னு போட்டானே?"

"அது போன மாச புக்கு."

"அந்த புக்கத்தான நம்பி ஷெட்ட காலி பண்ணி வச்சேன்!"

தாமோதரன் குறுக்கே புகுந்தான். "பாய், நான் சொல்றேன் கேளு. 'நிச்சயம் வரும்'னு போட்டா வராது. 'வராதுன்னு பேசிக்கிறாங்க'ன்னு போட்டா டக்குனு வந்து நிக்கும். எங்க மொதலாளி அப்டித்தான் பாக்குறாரு."

"உங்க மொதலாளிக்கு கப்பலே சொன்ன தேதிக்கு வர்றதில்ல. அவுரு லேப்டாப்புக்கு தேதி பாக்குறாரு!"

கடையே சிரித்தது. அசோகனும் சிரித்தான். ஆனால் பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவனுக்கு அந்தத் தேதி தேவைப்பட்டது. ரமாபாய்க்கு மூன்று மாதம்.

"யோவ், இந்தக் கருமத்த நிறுத்து," என்றாள் அவள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "தொண்டைல கத்தி வச்சா மாரி கீது."

"தீபாவளிக்குள்ள லேப்டாப்புக்கு வந்துரும்மே. பழைய லோடு மொத்தமா எறங்கும். அத்தோட உட்டுட்டு ரிப்பேர் கத்துகினு வேற பொழப்பு பாக்குறேன்."

"வரும்னு உனுக்கு யாரு சொன்னது?"

"புக்குல போட்டுக்கீது."

"அந்த புக்குல எனுக்கு எப்போ கொயந்த பொறக்கும்னு போட்டுக்கீதா?"

தீபாவளி வந்தது, போனது. பத்திரிகை பொங்கல் என்றது. குழந்தை தன் பாட்டுக்கு ஒரே தேதியை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு காலை, ரமாபாய் வஞ்சிரம் கேட்டாள் என்று காசிமேட்டுக்குப் போனான். தாமோதரன் உடன் வந்தான். ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஐஸ் இல்லாமல் கெட்டுப்போன மீனைக் குவித்து வைத்திருந்தார்கள். ஈக்கள் கரும்போர்வையாக மூடியிருந்தன. தாமோதரன் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினான். அசோகன் குவியலுக்குப் பக்கத்தில் நின்று செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"டேய் மாமு! மூக்குல இன்னா பஞ்சு வச்சினுகீறியா? கலீஜ் நாத்தம் கொடல பொரட்டுது!"

"சளிடா," என்றான் அசோகன்.

சளி இல்லை. வீட்டுக்கு வந்து கற்பூரத்தை முகர்ந்தான். மண்ணெண்ணெய் டின்னைத் திறந்து முகர்ந்தான். கருவாட்டுப் பானைக்குள் தலையையே விட்டான். ஒன்றும் இல்லை. பொருள்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் தங்கள் படங்களாக மாறிவிட்டிருந்தன. கடைசியாக ஆசிட் பாட்டிலின் மூடியைத் திருகினான். கண் எரிந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு வஞ்சிரம் வறுபடும்போது ரமாபாய், "சோக்கா கீதில்ல வாசன?" என்றாள். "ஆமாமே," என்றான்.

யாரிடமும் சொல்லவில்லை. கிண்ணத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மூக்கால் அறிகிற ஆள் என்றுதான் பாய் அவனிடம் ஊசிகளைக் கொடுத்தார். மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால், வியாசர்பாடியில் இந்த வேலைக்குக் காத்திருக்கிறவர்கள் பலர். ரமாபாயிடம் சொன்னாலோ, அந்த நிமிடமே பாட்டிலைத் தூக்கிக் கால்வாயில் போட்டுவிடுவாள்.

தை மாதம் வளையல் அடுக்கி, ரமாபாயை அத்திப்பட்டில் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல். கொடியில் போட்ட ஈரத்துணி காய்வதற்குள் நரைத்துவிடும்.

"இங்க மட்டும் இன்னா, சுத்தமா?" என்று அசோகன் கேட்டான்.

"சாம்பல் கண்ணுக்குத் தெரியுது, தொடச்சிக்கிறேன். உன்னுது நாத்தமா, கண்ணுக்குத் தெரியாம உள்ள போவுது." பையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அந்த நாத்தம் சுத்தமா போனாத்தான் கொயந்தையத் தூக்கினு வருவேன். நீ மோந்து பாத்துச் சொல்லணும். உன் மூக்க நம்பித்தான் வருவேன், ஆமா."

அவன் தலையாட்டினான்.

பொங்கலும் பொய்த்தது. பங்குனியில்தான் வந்தது. தாமோதரன் பத்திரிகையைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தான். அட்டையில் மெல்லிய லேப்டாப் ஒன்று, பறவை இறக்கை விரித்த மாதிரித் திறந்திருந்தது. பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். அடுத்த மாதம் முதல் லோடு இறங்கிய அதே வாரத்தில் ரமாபாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. அசோகன் போய், துணிச்சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டான்.

"மொகத்த சரியாக்கூடப் பாக்கலியே," என்றாள் மாமியார் அங்கம்மா.

"லோடு நிக்குது."

லோடு நின்றது உண்மை. கடைக்கூரை வரை பெட்டிகள். ஆனால் திறக்கத் திறக்கப் பாதிக்கு மேல் பச்சைத் தகடு. ஆபீஸ்காரர்கள் இடையில் ஒருமுறை மாற்றியிருந்தார்கள்; அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. தேறியது குறைவாக இருந்ததால் ஊசி, விளிம்பு, தகடு என்று அகப்பட்டதை எல்லாம் கிண்ணத்தில் போட்டான். பத்து நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை பால்கனியில் பழுப்புப் புகை நின்றது. எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கம்பியில் வந்து உட்கார்கிற காக்கைகள் வரவில்லை. அசோகன் அதைக் கவனித்தான். ஏன் என்று யோசிக்கவில்லை. கடைசியில் கிண்ணத்தின் அடியில் தங்கியது குந்துமணியில் பாதி.

பாய் அதை விரலில் ஒற்றி வெளிச்சத்தில் பார்த்தார். "உடு நைனா. அடுத்தது வருதாம், ரெண்டு மூளையாம். அது லேப்டாப்புக்கு வந்துச்சின்னா இப்ப வாங்குன லேப்டாப்பயே தூக்கிப் போட்ருவான்."

"எப்போ பாய்?"

"நீதான் புக்கு படிக்கிறவன். என்னக் கேக்குற?"

அசோகன் வீட்டைக் கழுவினான். பினாயிலை வாளி வாளியாக ஊற்றினான். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தான். சாம்பிராணி போட்டான். கிண்ணத்தையும் பாட்டில்களையும் பரணில் ஏற்றினான். வீடு பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. தாமோதரனைக் கூட்டிவந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'ஏன், உனுக்குத் தெரியலியா?' என்று அவன் திருப்பிக் கேட்பானே!

டெலிபோன் பூத்திலிருந்து பேசினான்.

"போச்சா?" என்றாள் ரமாபாய்.

"போச்சு."

"நல்லா மோந்து பாத்தியா?"

"பாத்தேம்மே."

அதில் பொய் இல்லை. நடுவீட்டில் நின்று நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துப் பார்த்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். தோளில் குழந்தை. அசோகன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் குழந்தை தும்மியது. சின்னத் தும்மல்தான். பூனைக்குட்டி தும்மியது போல. அவன் கால் நின்றுவிட்டது.

"இன்னா நின்ட்ட?"

"ரமா... எனுக்கு மூக்கு போயிடுச்சு."

"இன்னாது?"

"வாசன ஒண்ணும் தெரியல. நீ போய்ப் பாரு. கொயந்தைய எங்கைல குடு."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குழந்தையை அவன் கையில் வைத்துவிட்டுத் தனியாக மேலே போனாள். பூட்டு திறக்கிற சத்தம். கதவு. நாலைந்து அடி. பிறகு எதுவும் கேட்கவில்லை. குழந்தை அவன் சட்டையில் முகத்தைத் தேய்த்தது.

திரும்பி வந்தபோது அவள் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறாளா, எரிகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சுண்ணாம்புக்குப் பின்னாடி அப்டியே கீது," என்றாள். "செவுரு ஊறிப் போய்க் கீது." குழந்தையை வாங்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். "எப்போலேர்ந்து?"

"மார்கழி."

"மார்கழிலேர்ந்து மூக்கே இல்லாமத்தான் எனுக்கு 'போச்சு'ன்னு சொன்னியா?"

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் வரை இருவரும் நடந்தார்கள். கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு நேரம் இருந்தது. அவள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் முகத்திலிருந்து துணியை விலக்கினாள்.

"நீயும் வா. அங்க இன்னா வேலனாலும் கெடைக்கும்."

"திங்கக்கெழம ஒரு லோடு வருதுமே. இது சுத்தப் பழசு, பீங்கானாம். இத மட்டும்..."

ரயில் வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் குனிந்து, வழி கேட்கிறவள் போல அமைதியாகச் சொன்னாள்: "இனிமே உன்ன கேக்க மாட்டேன். ஆள அனுப்புவேன். அவங்க மோந்து பாத்து வந்து சொல்லட்டும், அப்பறம் யோசிக்கிறேன்."

"யார அனுப்புவ?"

"அது உனுக்கு எதுக்கு?"

திங்கட்கிழமை லோடு இறங்கியது. பரணிலிருந்து கிண்ணத்தை இறக்கினான். படியில் காலடி கேட்கும் போதெல்லாம் அசோகன் கையை நிறுத்திக் காத்திருந்தான். தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்கள், கேஸ்காரன், மேல்வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் தாண்டிப் போனார்கள்.

வியாழக்கிழமை, வெயில் ஏறிய நேரம். புகை நன்றாகக் கிளம்பியிருந்தது. யாரோ மெதுவாகப் படியேறி வந்தார்கள். மூன்றாம் மாடியில், அவன் கதவுக்கு நேராக அந்தக் காலடி நின்றது. கதவுக்கு அடியில் இரண்டு பாதங்களின் நிழல். கிண்ணத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அவன் அதைக் கையில் பிடித்தபடி நின்றான்.

கதவை யாரும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்ததைவிட வேகமாக, படியிறங்கிப் போய்விட்டார்கள்.