ஆளைக் கண்டால் ஓட வேண்டிய மான்கள்

மணலுக்கெல்லாம் விலை வந்த காலம் அது, இரண்டாயிரத்து ஆறு. துபாயிலிருந்து உள்ளே பாலைவனத்தில் தைது என்ற ஊரைத் தாண்டி, சில வீடுகளும் ஒரு பள்ளிவாசலும் என் மளிகைக் கடையும் மட்டும் இருக்கிற சிற்றூர் எங்களுடையது. ஊரை ஒட்டிய கம்பி வேலியில் ஒருநாள் பலகை தொங்கியது: 'வேட்டைக்கும் ஓய்வுக்கும் ஏற்ற நிலம் விற்பனைக்கு.' வேலிக்குள் பேரீச்சை மரங்கள், மணல் மேடுகள், ஒரு மான் கூட்டம். அத்தனைக்கும் காவல் கார்மேகம்.

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர். ஜெபல் அலி கேம்ப்பில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரை, ஆடு மேய்த்தவர் என்று கேள்விப்பட்டு, நிலத்தின் பழைய முதலாளிதான் தானே கஃபீலாக நின்று விசா கொடுத்து இங்கே கொண்டுவந்தார். அந்தக் கிழவர் வேட்டையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மான்களைப் பார்த்தபடி டீ குடிப்பதோடு சரி. அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் துபாயிலிருந்த மகன்கள் பலகையை மாட்டிவிட்டார்கள்.

நிலத்தை வாங்குகிறவர் கார்மேகத்தையும் வைத்துக்கொண்டால் பிழைத்தார். இல்லையென்றால் விசா கேன்சல். ஊரில் மகள் கனகாவுக்குத் தை மாதம் கல்யாணம். துபாய் மாமனார் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்திருந்தார்கள். மனிதர் கலங்கிப்போயிருந்தார்.

முதலில் வந்த அரபி, துப்பாக்கிப் பிரியர். பேச்சை மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். கார்மேகத்துக்கு ஆட்டுக்கார மூளை. சொன்ன சொல் கேட்கிற உருப்படிக்குத்தானே சந்தையில் மதிப்பு? வேலியோரம் நின்று, "வா தாயி, வா தாயி" என்று கூப்பிட்டார். மான்கள் ஓடிவந்து அவர் கையை நக்கின. முன்னால் வந்த பெட்டைக்குப் பெண்டாட்டி பெயரையே வைத்திருந்தார், பூவாயி.

அரபி வயிறு குலுங்கச் சிரித்தார். "இது வேட்டைக்காடா, ஆட்டுப்பட்டியா? கையை நக்குகிற மானை எப்படிச் சுடுவது?" என்று காரில் ஏறிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுநாள் கிழவரின் மூத்த மகன் என் கடைக்கே போன் செய்தார். மான்கள் ஆளைக் கண்டால் ஓட வேண்டும், இல்லையென்றால் கார்மேகத்துக்கு வேலை மாஃபி, கலாஸ். அதைக் கார்மேகத்திடம் சொன்னேன்.

"எப்புடி பாய் ஓட வைக்கிறது?"

"ஆட்டுக்காரன் நீயே என்கிட்ட கேட்டா எப்புடிப்பா?"

கல்லெறியத் தொடங்கினார். முதலில் வேண்டுமென்றே குறி தவறி எறிந்தார். தீனி என்று நினைத்து அவை கல்லை மோந்து பார்த்தன. பிறகு மேலே படும்படி எறிந்தார். தகரம் தட்டினார், வெடி போட்டார். ஒவ்வொன்றாக விலகின. பூவாயி மட்டும் போகவில்லை. அதைக் கம்பால் அடித்த அன்று என் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், கொடுத்த சோற்றைத் தொடவில்லை.

"அடிச்ச கையத்தான் பாய் மோந்துச்சு. இன்னும் ரெண்டு போட்டேன். அப்பறந்தான் ஓடுச்சு."

"விடுப்பா, புள்ள கல்யாணம் நடக்கணும்ல" என்றேன். வேறு என்ன சொல்வது?

குளிர் வந்தபோது அவர் சட்டை தெரிந்தாலே கூட்டம் பறந்தது. அதே அரபி திரும்ப வந்தார், பார்த்தார், வாங்கிவிட்டார். கார்மேகத்தின் விசாவையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அன்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அரபியின் விருந்தாளிகள் வேட்டைக்கு வந்தார்கள். நாள் முழுக்கச் சத்தம் கேட்டது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து நான் கடை திறக்கும்போது கார்மேகம் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"உன்ன என்னப்பா செய்யச் சொன்னாங்க?"

"ஒண்ணும் செய்யச் சொல்லல பாய். மேட்டுல ஏறிச் சும்மா நிக்கச் சொன்னாங்க. துப்பாக்கிக்காரங்க எல்லாம் எதிர்ப்பக்கம் படுத்திருந்தாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"என்னயப் பாத்ததும் அங்கிட்டுத்தான் ஓடுதுக. மனசு கேக்கல. வேல போனாப் போகுதுன்னு, 'பூவாயி, வா தாயி, வா தாயி'ன்னு கத்துனேன் பாய். என் கொரலக் கேட்டு அது இன்னும் வேகமா ஓடுச்சு."