அக்கா வெட்டிய ஜாக்கெட்டுகள்

லைஃப் ஜாக்கெட்டின் நாடாவை வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கடலில் ஆளைத் தாங்குவதற்கென்று நெய்த நாடா. சாதாரணக் கத்தரிக்கு அசைந்து கொடுக்காது. திருவொற்றியூரில் நான் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்த்த கம்பெனியில், ஒரு பகல் முழுக்க ஸ்டோர்ஸ் அக்கா கோடவுன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அதை வெட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தையல் பிரிவிலிருந்து கொண்டுவந்த பெரிய கத்தரி. ஒவ்வொரு ஜாக்கெட்டையும் மடியில் போட்டு, நாடாவை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். வெளியே லாரி நின்றது. அந்த ஜாக்கெட்டுகளை அதில் ஏற்றி அனுப்ப வேண்டியவன் நான்.

அவை ஒரு கப்பல் நிறுவனத்துக்காகத் தைத்தவை. “கொக்கியின் மாதிரியை மாற்றிவிட்டோம், பழையது வேண்டாம்” என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வேறு யாராவது வாங்குவார்கள் என்று மூலையில் அடுக்கினோம். விற்காத சரக்கு வந்த புதிதில் சரக்கு, கொஞ்ச நாளில் இடைஞ்சல், அப்புறம் அதுவும் ஒரு சுவர். தகரக் கூரையின் அடியில் பல கோடைகள் வெந்ததில் உள்ளே இருந்த ஃபோம் சுருங்கி இறுகிவிட்டது. மேலே ஆரஞ்சுத் துணி மட்டும் புதுசு போலப் பளபளத்தது. “ஆளத் தாங்கும்னு இனிமே என்னால சொல்ல முடியாது. முத்திரை போட மாட்டேன்” என்று தரம் பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார்.

புது ஆர்டருக்கான துணியை இறக்க இடம் வேண்டியிருந்தது. முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வேண்டாம் என்றவர்களிடமே விலையைக் குறைத்துத் தள்ளலாமா? அவர்கள் போனையே எடுக்கவில்லை. கொக்கியை மாற்றிக் கடைகளுக்குப் போடலாமா? முத்திரை இல்லாமல் எந்தக் கடை வாங்கும்? மொத்தமாக வாங்கிப்போகும் வியாபாரி எடைக்குக் கேட்டார். அதைக் கேட்டு முதலாளிக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. துணி வேறு, ஃபோம் வேறு, நாடா வேறு என்று பிரித்து விற்கலாம்தான், ஆனால் பிரிக்கிற கூலியை யார் கொடுப்பது? கடைசியில் அவரே சொன்னார்: “மீனவங்களுக்குத் தானமா குடுத்துடுவோம். புண்ணியமும் ஆச்சு, பேரும் ஆச்சு.” எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. அதிகம் சந்தோஷப்பட்டவர் ஸ்டோர்ஸ் அக்காதான். அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் நெட்டுக்குப்பம். புருஷனும் கொழுந்தனும் கடலுக்குப் போகிறவர்கள். எங்க ஊருக்கே குடுங்க சார் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முத்திரை சமாச்சாரம் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தானம் என்றதும் அது யார் நினைவுக்கும் வரவில்லை.

தானம் கொடுக்க முதலாளி ஏற்பாடு செய்திருந்த விழாவுக்கு முதல் நாள் காலையில், லாரி எப்போது வரும் என்று விசாரிக்க அக்காவின் கொழுந்தன் கம்பெனி வாசலுக்கு வந்தார். வாயெல்லாம் பல். “அண்ணி, கடைல வாங்குனத நாங்க எங்க மாட்டிகினோம்? தலைக்கு வெச்சுகினு படுப்போம். ஆனா இது நீ குடுக்கறது. கண்ண மூடிகினு மாட்டிகலாம். காத்து தூக்குச்சுனா கரைலயே குந்திகினு இருப்போமே, இனிமே இன்னா பயம்? அன்னிக்கும் போலாம்” என்றார். அக்கா சிரித்துப் பேசித்தான் அவரை அனுப்பினார். திரும்பி வந்தவர் கோடவுன் கதவில் சாய்ந்து, அந்த ஆரஞ்சு அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன அக்கா என்று கேட்டேன். “நம்பிட்டான்டா” என்றார்.

நேராக முதலாளியிடம் போய், இதைக் கொடுக்க வேண்டாம் என்றார். நானும் பின்னால் போனேன். “சும்மா குடுக்கறதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கறியேம்மா” என்றார் அவர். அக்கா குரலை உயர்த்தவில்லை. “சும்மா குடுக்கறதுக்குத்தான் சார் யோசிக்கணும். காசு குடுக்கறவன் இழுத்துப் பாத்து, அமுக்கிப் பாத்து வாங்குவான். சும்மா வாங்கறவன் கும்புட்டு வாங்கிகினு பூடுவான்.” பேனர் கட்டியாகிவிட்டது, போட்டோகிராஃபருக்குச் சொல்லியாகிவிட்டது, போய் வேலையைப் பார் என்றார் முதலாளி. அக்கா வந்து பார்த்த வேலை அந்தக் கத்தரி வேலைதான். நான் லாரி டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். சாயங்காலம் முதலாளி வந்து கத்தியபோது நாடாவோடு ஒரு ஜாக்கெட்கூட மிச்சமில்லை.

அடுத்த வாரமே அக்காவை ஸ்டோர்ஸிலிருந்து எடுத்து, தையல் பிரிவில் நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்தார்கள். ஃபோம் ஒரு சோபாக் கடைக்குப் போனது. ஜாக்கெட்டுகளில் கோத்திருந்த விசில்களை மட்டும் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் ஒருவர் ஆசையாக வாங்கிக்கொண்டார். கம்பெனியில் பட்டதைவிட ஊரில் அக்கா பட்டதுதான் அதிகம். வீடு தேடி வந்ததைத் தட்டிவிட்டாள் என்று தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொழுந்தன் பேச்சையே நிறுத்திவிட்டார். அக்கா என்ன சமாதானம் சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

இப்போது நான் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பெரிய கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். நகராத சரக்கைக் கம்ப்யூட்டரே சிவப்பாகக் காட்டி, என்ன செய்யலாம் என்றும் கேட்கிறது: திருப்பி அனுப்பவா, தள்ளுபடியா, மொத்தமாகத் தள்ளவா, தானமா, அழிக்கவா. கூட வேலை செய்யும் பிள்ளைகள் தானம் என்ற பொத்தானை மட்டும் மலர்ந்த முகத்தோடு அழுத்துவார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் ஒருமுறை பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன். இந்தாளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதும் தெரியும்.

போன மாதம் மீன் வாங்க நெட்டுக்குப்பம் போனபோது அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டு கொழுந்தன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்றைக்கோ சமாதானம் ஆகியிருக்கிறார்கள், ஆனால் கொழுந்தன் அதை மறந்தபாடில்லை. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். “ஊரே காத்துகினு இருந்துச்சு சார். அத்தினியும் வெட்டிப் போட்டாங்க எங்கண்ணி. அந்த வருசம் பெருங்காத்து அடிச்சிதே, மீனு அள்ளிகினு வந்திருக்கலாம். அந்த ஜாக்கெட் இல்லாத பயத்துல நான் கடலுக்கே போவல. கரைலயே குந்திகினு இருந்தேன். எல்லாம் இவங்களால.”

அக்காவைப் பார்த்தேன். அவர் குனிந்து மீனின் செதிலைச் சீவிக்கொண்டே இருந்தார். கொழுந்தன் திட்டி முடிக்கிற வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.