பெட்ரோல் டேங்கில் அடித்த சோப்பு வாசனை

அக்காவின் மருமகள் புதிதாக வாங்கிவந்த சோப்பை உறை பிரித்துக் குளியலறையில் வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். கூடத்து நாற்காலியில் கண்மூடிக் கிடந்த அக்கா விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூக்கை உயர்த்தி இரண்டு முறை மோந்தாள். "யாருடி அவ? உள்ள யாரு வந்திருக்கா?" என்று என்னைக் கேட்டாள். பெற்ற மகனையே சில நாட்களில், இன்னும் ரப்பர் தோட்டத்திலேயே இருப்பதாக நினைத்து, "நீ எந்த டிவிஷன் பையன்?" என்று விசாரிக்கும் அளவுக்கு அவளுக்கு மறதி முற்றிவிட்டது. அவள் கணவர், என் மாமா, இறந்ததுகூட நினைவில் இல்லை. ஆனால் லாவெண்டர் வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. சிரம்பான் தெமியாங்கில் இருக்கும் அந்த வீட்டுக்கு எந்தச் சோப்பை வேண்டுமானாலும் வாங்கு, இதை மட்டும் வாங்காதே என்று மருமகளிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டவள் நான். காரணம் கேட்டால் என்ன சொல்வது? ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் ஒழுகியதுதான் காரணம் என்றால் யார் நம்புவார்கள்?

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். தம்பினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாமா டிரஸ்ஸராக இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். நான் அங்கேயே தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். மாலை ஆறு மணிக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது, மருந்து போகக்கூடாது, எங்கள் தோட்டத்தில் பெட்ரோலுக்கும் அதே கெடுபிடி. தோட்டத்தின் அடுத்த பிரிவான பக்கத்து டிவிஷனில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் ஒரு பொட்டலம் அரிசியோடு பிடிபட்டார். அவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த நாட்களில் நாய் குரைத்தாலும் எழுந்து உட்காருவோம். இன்றைக்கும் வாசலில் ஒரு வண்டி நின்றுவிட்டுக் கிளம்பாமல் இருந்தால் எனக்குக் கை வேலை ஓடாது.

மாமாவுக்கு மற்ற டிவிஷன்களுக்கும் போய்வர வேண்டியிருந்ததால், சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார உதவி மானேஜர், சின்ன துரை, ஓட்டிக்கொண்டிருந்த பழைய மோட்டார் சைக்கிளைத் தோட்டம் அவரிடம் கொடுத்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு இன்னொரு பிள்ளை வந்து சேர்ந்தது போலாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதைக் குளிப்பாட்டுவாள். சக்கரம், எஞ்சின், டேங்கின் அடிவயிறு ஒன்றையும் விடமாட்டாள். துடைத்துக் காயவைத்து, டேங்கின் நெற்றியில் திருநீறு பூசிக் குங்குமம் வைப்பாள். மாமா அந்தக் கோலத்தில்தான் ஒவ்வொரு வெள்ளியும் புறப்பட்டுப் போவார். பிள்ளைகள் "டிரஸ்ஸர் சாமி வருது" என்று கத்துவார்கள்.

கேட்டில் காவலிருந்த போலீஸ் கோப்ரல் ஒரு மூங்கில் குச்சியை வைத்திருந்தார். மாமா வெளியே போகும்போது குச்சியை டேங்குக்குள் விட்டு பெட்ரோல் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். திரும்பும்போதும் பார்ப்பார். போகும் தூரம் எவ்வளவு, அதற்கு எவ்வளவு குறைய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கொஞ்சம் அதிகமாகக் குறைந்தது. போகப்போக அது நன்றாகவே கூடிவிட்டது. "மினியாக் மானா பெர்கி?" என்று கோப்ரல் மலாயில் கேட்டார். பெட்ரோல் எங்கே போனது? மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டேங்கை மேலும் கீழும் தடவினார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். குழாயைப் பிடுங்கி மாட்டினார். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க நிறுத்திவைத்தார். காலையில் தாள் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஒழுகவில்லை என்றால் யாருக்கோ கொடுக்கிறார். போலீசுக்கு அப்படித்தான் தோன்றியது. அக்காவுக்குத் தோன்றியது வேறு. ஒழுகவில்லை என்றால் எங்கேயோ கூடுதலாக ஓட்டிக்கொண்டு போகிறார். எங்கே போகிறார்? தம்பினில் எவளோ இருக்கிறாள். அக்கா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சட்டையைத் துவைப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தாள். சோற்றைத் தட்டில் போடும்போது கரண்டி சத்தம் போட்டது. மனிதர் சிறைக்குப் போவாரோ என்று ஊரே பதைத்துக்கொண்டிருக்கும்போது இவளுக்கு இதுவா கவலை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

தம்பினிலிருந்து இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வருவார், மோட்டாரோடு கேட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனால் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாமா முதல் நாளே ஆஸ்பத்திரிச் சாவியைத் தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் கொடுத்துவிட்டார். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? போலீஸ் பார்க்கப்போகிற வண்டி அழுக்காக இருக்கக்கூடாது என்று வழக்கம்போல விடிந்ததும் வாளியை எடுத்தாள். டேங்கின் அடியில் கையை விட்டுத் தேய்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் விரல்களில் நுரை. வெறும் தண்ணீரில் கழுவும் வண்டியில் நுரை எப்படி வரும்? மோந்து பார்த்தாள். கம்மென்று லாவெண்டர் வாசனை. எங்கள் வீட்டில் இருந்ததோ துணிக்கும் உடம்புக்கும் பொதுவான மஞ்சள் சவுக்காரம். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் பின்வாங்கினேன்.

மாமா வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். அக்கா திருநீற்றுக் கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்காமல் பின்னாலேயே போனாள். நான் அவள் பின்னால் ஓடினேன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். யாழ்ப்பாணத்துக் கிராணி நடுவில் நின்று மொழிபெயர்த்தார். பெட்ரோல் எங்கே போகிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா வெடித்தாள்.

"காட்டுக்கும் போகல, மேட்டுக்கும் போகலங்க! தம்பின்ல ஒருத்தி வீட்டுக்குப் போகுது. வாசன சோப்பு போடுறவ. வண்டிக்கு அடியில எல்லாம் அவ சோப்புதான் இருக்கு!"

கிராணி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் முகமும் இளகியது. "பெத்துல்கா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். உண்மைதானா? ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கிராணி குனிந்து மாமாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "ஓமெண்டு சொல்லும் ஐசே. பொம்பிளை விசயமெண்டால் விட்டிடுவினம். காட்டு விசயமெண்டால் விடமாட்டினம்." ஒளிப்பானேன், நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். சொல்லித் தொலையுங்கள் மாமா, வீட்டுக்குப் போய் அக்காவைச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

மாமா இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"அப்படி ஒருத்தியும் இல்ல" என்றார்.

கிராணி மொழிபெயர்க்காமல் நின்றார். மாமா, "சொல்லுங்க" என்றார். சொன்னதும் இன்ஸ்பெக்டரின் சிரிப்பு போய்விட்டது. மாமாவோ அக்காவிடமே திரும்பி, "எந்த எடத்துல சோப்பு?" என்று கேட்டார். அக்கா விறைப்பாகக் கையை நீட்டிக் காட்டினாள். அவர் மண்டியிட்டு டேங்கின் முன்பக்க அடியில், அது சட்டத்தோடு பொருந்தும் இடத்தில், விரலை விட்டுத் துழாவினார். விரலை மோந்தார். அப்புறம் அக்காவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, வண்டியைக் கழுவி மிச்சமிருந்த ஈரத்தைத் தன் சட்டையால் ஒற்றித் துடைத்துவிட்டு, அந்த இடம் முழுக்கத் திருநீற்றை அப்பினார். ஒரு கான்ஸ்டபிளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வேலியோரம் இருந்த மேடுபள்ளமான லோரித் தடத்தில் போய்விட்டு வர அனுமதி கேட்டார்.

அவர்கள் கண்ணுக்கு மறைவாகப் போகவே இல்லை. ஆனாலும் அந்த நேரம் முழுக்க நான் கேட்டின் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு நடந்துகொண்டே இருந்தேன். வண்டி திரும்பி வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தாமலே மாமா இன்ஸ்பெக்டரைக் குனிந்து பார்க்கச் சொன்னார். வெள்ளைத் திருநீற்றின் நடுவே மயிரிழை போல ஒரு ஈரக்கோடு. அதன் முனையில் ஒரு சொட்டு திரண்டு, சூடான எஞ்சின் மேல் விழுந்து, சுர்ரென்று ஆவியாகிப் போனது. விழுந்த இடத்தில் தடமே இல்லை. ஆள் ஏறி வண்டி குலுங்கினால்தான் அந்த விரிசல் வாய் திறக்கும். சும்மா நிறுத்திவைத்தால் மூடிக்கொள்ளும். செய்தித்தாள் ஏன் நனையவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இன்ஸ்பெக்டர் தன் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். கோப்ரலிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தன் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். எத்தனையோ நாள் தூக்கம் கெட்டதெல்லாம் ஒரு சொட்டில் முடிந்துபோனது.

சோப்பு எப்படி அங்கே வந்தது என்பதைப் பங்களாச் சமையல்காரர் அன்று மத்தியானம் சொன்னார். சின்ன துரை தான் குளிக்கிற சோப்பை எடுத்துக்கொண்டு போய் மோட்டாருக்கு அடியில் அழுத்தித் தேய்ப்பாராம். துரைக்குக் கிறுக்கு என்று இவர் நினைத்துக்கொண்டாராம். மாமா அக்காவிடம் விளக்கினார்: "தொரை அந்தச் சோப்பாலதான் ஓட்டைய அடைச்சிருக்காரு. பெட்ரோல்ல சோப்பு கரையாது. தண்ணியிலதான் கரையும்." அக்கா வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "அப்ப வாரா வாரம் நான் ஊத்துன தண்ணிதான் ஓட்டையத் தொறந்துச்சா? நான்தான் உங்கள உள்ள தள்ளப் பார்த்தேனா?" என்றாள். மாமா, "நீ மோந்து பாக்கலன்னா நான் இந்நேரம் லோக்கப்புல இருந்திருப்பேன்" என்றார்.

தம்பினுக்குப் போகும்வரை தாங்க வேண்டுமே என்று அக்கா எங்கள் மஞ்சள் சவுக்காரத்தைப் பிசைந்து தன் கையாலேயே அந்த விரிசலில் அழுத்தி அடைத்தாள். அங்கே தகர வேலை செய்யும் சீனர் டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, வெந்நீரும் சோடாவும் விட்டுப் பலமுறை அலசினார். உள்ளே வாடை மிச்சமிருந்தால் வெடித்துவிடும் என்று கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்கிக் கவிழ்த்துவைத்து, விரிசலைச் சுரண்டி, கரியடுப்பில் காய்ச்சிய இரும்பால் ஈயம் பற்றவைத்தார். அதற்குப் பிறகு அந்த டேங்க் ஒழுகவில்லை. வெள்ளிக்கிழமைக் குளியலும் நிற்கவில்லை. மாமா தவறாமல் ஆறு மணிக்குள் வீடு வந்து சேர்ந்தார். எமர்ஜென்சி முடிந்து, தோட்டத்தை விட்டுச் சிரம்பானுக்குக் குடிவந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்து, படுக்கையிலேயே நிம்மதியாகப் போனார்.

அக்காதான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வெள்ளிக்கிழமைக் காலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். "யாருடி அவ?" என்று விடாமல் கேட்டாள். நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். மருமகள் பயந்துபோய்ச் சோப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். வாசனை போகவில்லை. நான் அக்காவின் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதே கதையை முதலிலிருந்து சொன்னேன். எத்தனையாவது முறை என்று எனக்குத் தெரியாது. குச்சி, நுரை, திருநீறு எல்லாம் சொல்லி, மாமா நின்ற மாதிரியே அவள் கண்ணைப் பார்த்து, "அப்படி ஒருத்தியும் இல்ல" என்றேன். இதைச் சொன்னால் மட்டும்தான் அவள் அடங்குவாள். சிறைக்குப் போனாலும் பரவாயில்லை என்று அவர் சொன்ன வார்த்தை.

"இல்லியா?"

"இல்லக்கா. ஓட்டைதான்."

அக்காவின் முகம் தெளிந்தது. சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். எனக்கும் மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அடைச்சாச்சா?" என்று கேட்டாள்.

"அடைச்சாச்சுக்கா."

"அப்ப மணி என்னாடி?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அஞ்சே முக்கா."

அவள் மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். "இன்னும் காணோமே. கேட்ட சாத்திடுவானுங்களே" என்றாள்.

அதற்கு மாமா எந்த வார்த்தையும் விட்டுப்போகவில்லை. நான் எழுந்து போய் வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.