திருப்பிச் சொல்ல ஒருவர்

பவித்ரா ரேணிகுண்டாவில் இருந்து போன் செய்தபோது நான் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "ஆயா, சரளா மேடம் போய்ட்டாங்க" என்றாள். எனக்கும் என் பேத்திக்கும் ஒரு வழக்கம். அவள் முக்கியமாக எதைச் சொன்னாலும் நான் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரளாம்மா போய்ட்டாங்க" என்றேன். சொல்லிவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தேன். அந்த வழக்கத்தை எங்களுக்குக் கொடுத்தவரே அவர்தான்.

இந்த நினைவு மலரில் எழுதுகிற நீங்கள் எல்லோரும் அவரோடு வருஷக்கணக்கில் எஞ்சினில் உட்கார்ந்தவர்கள், இல்லையென்றால் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். நான் அவரோடு பேசியது புத்தூரில் இருந்து ரேணிகுண்டா வரை, ஒரே ஒரு தடவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான் என்ன எழுதுவது என்று பவித்ராவிடம் கேட்டேன். அன்றைக்கு ரயிலில் நடந்தது அவர்கள் யாருக்கும் தெரியாது, நீ எழுது என்றாள்.

அப்போது பவித்ரா திருப்பதியில் டிப்ளமா முடித்திருந்தாள். அவளுடைய சர்டிபிகேட்டுகளை வாங்கிவர நாங்கள் இருவரும் நாராயணவனத்தில் இருந்து புறப்பட்டுப் புத்தூரில் ரயில் ஏறினோம். வாங்கிவந்து பீரோவில் வைத்துவிட வேண்டும், தை மாதம் அவளுக்கும் அவள் அம்மாவின் தம்பிக்கும் கல்யாணம் என்று என் மகன் தாமு முடிவு செய்திருந்தான். பையன் சித்தூரில் மொபைல் கடை வைத்திருந்தான். நல்ல பையன். எனக்கும் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

எங்களுக்கு எதிர் ஜன்னலில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அட்டை, காலருகே ஒரு இரும்புப் பெட்டி. ரயில் ஒரு வளைவில் திரும்பியது. அவர் சட்டென்று வலது கையை ஜன்னல் பக்கம் நீட்டி, "பச்ச" என்றார். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. பவித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூக்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "இன்னாம்மா, யாருக்கு டாட்டா காட்டற?" என்று கேட்டாள்.

அவரும் சிரித்தார். தான் ரயில் டிரைவர் என்றும், அரக்கோணத்தில் வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவதாகவும் சொன்னார். எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்களாம். ஒருவர் சிக்னலைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னால், மற்றவர் அதைத் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். சும்மா உட்கார்ந்து வரும்போதும் கை கேட்பதில்லை என்றார்.

ஒரு பெண் ரயில் ஓட்டுவதை நான் அதுவரை கேள்விப்பட்டதும் இல்லை. பவித்ரா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். வீட்டில் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத பெண். சரளாம்மா எதையும் அழகாக்கிச் சொல்லவில்லை. "மொதல்ல இத தெரிஞ்சிக்க. எஞ்சின்ல பாத்ரூம் கெடையாது. தீபாவளி, பொங்கல் ஒண்ணும் கெடையாது. தண்டவாளத்துல யாராவது வந்து நின்னா உன்னால ஒண்ணும் பண்ண முடியாது, ஹாரன் அடிக்கலாம், பிரேக் போடலாம், அவ்ளோதான்" என்றார். பிறகு மாந்தோப்புக்கு அப்பால் தூரத்தில் நின்ற ஒருத்தியைக் காட்டி, அவள் புடவை என்ன நிறம் என்று கேட்டார். "அரக்கு. மஞ்ச கரை" என்றாள் பவித்ரா. எனக்கு அங்கே ஆள் நிற்பதே தெரியவில்லை.

"கண்ணு இருக்குது. இன்னா பண்ணலாம்னு இருக்க?"

பவித்ரா என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். சரளாம்மா குரலைத் தாழ்த்தி, "நோரு தெரிச்சி செப்பம்மா" என்றார். வாயைத் திறந்து சொல் என்று தெலுங்கில். அவருக்கு வீட்டுப் பேச்சு அதுதான் போலிருக்கிறது.

"இந்த வேலைக்கித்தான் அப்ளிகேஷன் போடணும்னு இருக்கேன். அடுத்த வாரம் கடைசி நாளு. வீட்ல யாருக்கும் தெரியாது" என்றாள் என் பேத்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரளாம்மா அவளைப் பாராட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். "அம்மா, அது சொல்லிடுச்சி. பக்கத்துல இருக்கறவங்க திருப்பிச் சொல்லலன்னா அது சொன்னதுல சேத்தி இல்ல. நீங்க சொல்லுங்க."

ரயில் பெட்டியில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தை மாதமும் சித்தூர் கடையும் தாமுவின் கோபமும் கண்முன் வந்தன. பவித்ராவின் முகத்தைப் பார்த்தேன். "எங்க பவித்ரா ரயிலு உடப் போறா" என்றேன். பூக்கார அம்மாள் உடனே, "அப்ப எங்க கூடைக்கி டிக்கெட் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரேணிகுண்டா வந்ததும் சரளாம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அட்டையில் இருந்த பெயரைப் பவித்ரா படித்து வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே தாமுவிடம் சொன்னோம். அவள் ஒரு தடவை, நான் ஒரு தடவை. "அஞ்சாங்கிளாசும் டிப்ளமாவும் சேந்து ரயிலு உடப் போறீங்களா?" என்று கேட்டான். "நான் உடல நைனா. நான் திருப்பிச் சொல்றவ" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனான். ஆனால் அப்ளிகேஷன் போயிற்று.

முதல் பரீட்சையில் அவள் தேறவில்லை. கல்யாணமும் நின்றது. மாப்பிள்ளை வேறு இடத்தில் கட்டிக்கொண்டான், பவித்ராதான் பந்தியில் நின்று பரிமாறினாள். மறுபடி ஆள் எடுக்க வருஷங்கள் ஆயின. சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டே படித்தாள். சொந்தக்காரர்கள் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்பார்கள். தாமு தரையைப் பார்ப்பான். நான், "ரயிலு உடப் போறா" என்பேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. அதற்காக நான் சொல்லாமல் இருந்தது இல்லை.

இன்று என் பேத்தி ரயில் ஓட்டுகிறாள். "அசிஸ்டென்ட்தான் ஆயா" என்று திருத்துவாள். அது என் காதில் விழுவதில்லை.

வேலையில் சேர்ந்ததும் சரளாம்மாவைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறாள். அவருக்கு எங்களை ஞாபகமே இல்லை. "ரயில்ல பாக்கற பொண்ணுங்ககிட்டல்லாம் இதத்தான் பேசிக்கினு வருவேன், எந்தப் பொண்ணுன்னு நெனவு வெச்சிக்கறது?" என்றாராம். கொஞ்சம் பொறுத்து, "உங்க ஆயா திருப்பிச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாராம். "இன்னும் சொல்லிக்கினே இருக்காங்க மேடம்" என்றாளாம் இவள்.

போன வருஷம் இருவரும் ஒரே கூட்ஸ் வண்டியில் புத்தூர் வழியாக வந்தார்கள். நானும் தாமுவும் பிளாட்பாரத்தில் போய் நின்றோம். வண்டி நிற்காது என்று தெரியும். தூரத்தில் எஞ்சின் தெரிந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை நீண்டது. உடனே இன்னொரு கை நீண்டது. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பிளாட்பாரம் அதிர வண்டி கடந்து போனது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், "எம் பொண்ணு போறா" என்று தாமு சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கேட்காமலே.

சரளாம்மாவை நான் இரண்டாவது தடவை பார்த்தது அதுதான். கடைசியும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காபி கொடுக்கவில்லையே என்ற குறை எனக்கு இருக்கிறது.

அவரிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வேலைக்குக் கிளம்பும்போது பவித்ரா போன் செய்வாள். "ஆயா, டூட்டிக்குப் போறேன்." "பவித்ரா டூட்டிக்குப் போறா" என்று நான் சொன்ன பிறகுதான் வைப்பாள். அவரோடு வேலை பார்த்தவர்களே, நீங்கள் எஞ்சினில் உட்கார்ந்து சரளாம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். நாராயணவனத்தில் இருந்து நான் திருப்பிச் சொல்கிறேன்.