ஒன்பதோடு நின்ற எண்ணிக்கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தெரிந்தவர்களுக்கு அது வேடிக்கை. என் தம்பிக்கு மட்டும் அது வேடிக்கையாக இருந்ததில்லை.

யாங்கோனில் காலை நேரத்தில் ஏரியைச் சுற்றி நடக்கிற கூட்டம் எங்களுடையது. ஒரு குளிர்காலத்தில், ஷான் மாநிலப் பக்கத்து மொட்டை மலைகளை இரண்டு நாளில் நடந்தே கடப்பது என்று முடிவானது. மரமே இல்லாத புல்மேடுகள். ஒன்றை ஏறி முடித்தால் அடுத்தது எதிரே நிற்கும். தம்பிக்கு வர விருப்பமில்லை. அலோன் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்திருந்தது. நான்தான் நச்சரித்து இழுத்துப் போனேன்.

பஸ் ஏறும்போது பார்த்தால் ஒன்பது பேர். ஒன்பது பேராகப் பயணம் போவது பர்மாவில் ஆகாது. கூட ஒரு கல்லைப் பத்தாவது ஆளாக எடுத்துப் போனால் தோஷம் இல்லை. எங்கள் தலைவர், ரயில்வேயில் வேலை பார்ப்பவர், ரோட்டோரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி என் பையில் போட்டார்.

"பத்தாவது ஆளு இவருதான். இவருக்கும் சேத்து நீங்களே நம்பர் சொல்லிருங்க அக்கா."

மலையில் நின்ற இடத்திலெல்லாம் வரிசையாக எண் சொன்னோம். நான் எட்டு, கல் ஒன்பது, கடைசியில் வரும் தம்பி பத்து. கல்லின் முறை வரும்போது எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. தம்பி அடிக்கடி நின்றான்.

"கொஞ்சம் நில்லுக்கா. முட்டி மடங்க மாட்டேங்குது."

"வந்தா வா, வராட்டி போ. உன் ஒருத்தனுக்காக எல்லாரும் நிக்கணுமா?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. எண் சொன்னோம். எட்டு, ஒன்பது என்றேன். பத்து வரவில்லை.

"ஒன்பது. எல்லாரும் வந்தாச்சு, நடங்க" என்றார் தலைவர். அந்தக் குளிரில் அவருக்குக் கல் ஞாபகமில்லை. வந்தது ஒன்பது பேர்தானே. ஆனால் எனக்கு மறக்கவில்லை. திட்டியதற்காகத் தம்பி முறைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்று நினைத்தேன். வீம்பு அவனுக்கு மட்டுமா, எனக்கும் உண்டு என்று பேசாமல் நடந்தேன்.

பனி விலகியபோது அவன் இல்லை. திரும்பிப் போய்த் தேடினோம். அந்த மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளத்தில் கிடந்தான். இடுப்பு ஒடிந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினேன்.

"நீ எட்டு, ஒன்பது சொன்னது கேட்டுச்சுக்கா. பத்துன்னு கத்துனேன். யாரும் நிக்கல."

போர்வையில் கிடத்தி மாறி மாறித் தூக்கி இறங்கினோம். ரோட்டுக்கு வருவதற்குள் போய்விட்டான்.

ஏழாம் நாள், யாங்கோனில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தலைவர் வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"என் தப்புக்கா. ஒன்பதுன்னு கேட்டதும் நடக்கச் சொல்லிட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்."

உங்கள் தப்பில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அப்புறம் யார் தப்பு என்று கேட்பாரே. டீ ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அழுது முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.