அக்காவுக்குச் சொல்லாத சாவு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் கூலிக்குத் தறி நெய்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் என்னைப் பெற்ற அய்யா இறந்துபோனார். என் கையில் இருந்த பணம் கோடித் துணிக்கும் விறகுக்குமே சரியாக இருந்தது. சிவகிரியில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்குச் சொல்லி அனுப்பினால், அவள் புகுந்த வீட்டாரும் வண்டி கட்டி வருவார்கள். அத்தனை பேருக்கும் சோறு போட எனக்கு வழியில்லை. அதனால், "அக்காவுக்குக் காய்ச்சலாம், வர முடியாதாம்" என்று தெருக்காரர்களிடம் பொய் சொல்லி, மதியத்துக்குள் தகனத்தை முடித்துவிட்டேன்.

யார் மூலமோ கேள்விப்பட்டு, மூன்றாம் நாள் அக்கா தனியாகப் பஸ்ஸில் வந்தாள். இடுப்பில் அரிசி மூட்டை இருந்தது.

"ஏம்ல எனக்குச் சொல்லல?"

"வாரவங்களுக்குச் சோறு போட வழியில்லக்கா."

"சொல்லியிருந்தா இந்த அரிசிய அன்னைக்கே கொண்டாந்திருப்பேனேல!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு மெல்லக் கேட்டாள்: "அய்யா மொகம் எப்படி இருந்துச்சுல?"

"தூங்குத மாதிரி இருந்துச்சுக்கா."

அதைக் கேட்டு அவள் கொஞ்சம் ஆறுதலடைந்தாள்.

உண்மையில், அன்று செலவுக் கவலையில் ஓடிக்கொண்டிருந்த நானும் அய்யாவின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அதை அக்காவிடம் கடைசிவரை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.