நெஞ்சுவலிக்கு ஒரு முகம்

ஆஸ்பத்திரியில் அவளைப் படக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும்படி நோய்த் துண்டுப்பிரசுரங்கள் தயாரிப்பது அவள் வேலை. பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், பக்கத்துக்கு ஒரே செய்தி, ஒரு படம். படத்துக்கு ஆள் தேட நேரமிருக்காது, வீட்டுக்காரரை உட்காரவைத்து வரைந்துவிடுவாள். இருமியவர் அவர். கால் வீங்கியவரும் அவர்.

"ஊர் வியாதியெல்லாம் என் தலையில கட்டிட்டே. பிரசவம் ஒண்ணுதான் பாக்கி," என்றார் ஒருநாள். மறுவாரமே வயிற்றில் தலையணை கட்டி அதற்கும் உட்காரவைத்தாள்.

சிரிக்காமல் நிற்க அவருக்கு வராது. நெஞ்சுவலிப் படத்திலும் மார்பில் கை, உதட்டோரம் சிரிப்பு.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு அடுப்படி வாசலில் வந்து நின்று நெஞ்சில் கைவைத்தார்.

"அதுக்குள்ள வேஷம் கட்டியாச்சா? நான் இன்னும் பென்சிலே எடுக்கல," என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்துத் திரும்பியபோது அவர் சுவரோடு சரிந்திருந்தார். அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அவர் வீடு திரும்பவில்லை.

சில மாதம் கழித்து அந்த நெஞ்சுவலிப் பிரசுரம் மறு அச்சுக்கு வந்தது.

"பழசையே போட்டுடும்மா. யாரு கேக்கப்போறா?" என்றாள் மகள்.

"கேட்டுப் பாத்துடுறேன்."

வெளிநோயாளிகள் வரிசையில் இருந்த லாரி டிரைவரிடம் பழைய படத்தை நீட்டினாள். புரிந்ததா என்று அவள் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

"இவருக்கு என்னங்க?"

"பையில பணம் இருக்கான்னு தடவிப் பாக்குறாரு. இருக்கு போல, மூஞ்சியப் பாருங்க!"

பெஞ்சே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போய், அன்று அடுப்படி வாசலில் பார்த்ததை வரைந்தாள். வியர்த்த நெற்றி, வெளுத்த உதடு, எதிலும் நிற்காத கண். நாலைந்து கோடுதான். கை நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் அதே வரிசையில் ஒரு காய்கறிக்காரம்மா படத்தைக் கையில் வாங்கினாள்.

"ஐயோ, உசுருக்குப் போராடுறாரேம்மா!"

"நீங்க பக்கத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

"நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்? வண்டியைக் கூப்பிட்டு அள்ளிப் போட்டுக்கிட்டு இங்க வந்துடுவேன்."

"ஆமாங்க," என்றாள் படக்காரம்மா. "அதைத்தான் செய்யணும்."

"இவரு பொழைச்சாரா?"

அவள் படத்தைத் திரும்ப வாங்கி உறைக்குள் வைத்தாள்.

"அச்சுக்குப் போகுதுங்க," என்றாள்.